யுவி டார்ச் அடித்தும் பூனை மூத்திரக் கறை அகப்படவில்லையா?

வீட்டில் மூத்திர வீச்சம் அடிக்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. பூனையோ நாயோ வளர்க்கும் வீடுகளில் இது வராமல் இருக்காது. மூத்திரக் கறையை மின்னவைத்துக் காட்டும் யுவி (புற ஊதா) டார்ச் ஒன்றை வாங்கி வந்து, விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்க்கிறோம். ஒன்று, எதுவுமே தெரிவதில்லை. இல்லாவிட்டால் வீடு முழுக்க என்னென்னவோ மின்னுகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். முதல் முறை டார்ச் அடித்தபோது, கூடத்துச் சுவரோரம் பளிச்சென்று ஒரு பட்டை தெரிந்தது. அதை மூன்று நாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாடை அப்படியே இருந்தது, பட்டையும் போகவில்லை. அது மாப் போட்ட சோப்புத் தண்ணீர் காய்ந்த தடம் என்பது பிறகுதான் புரிந்தது. உண்மையான கறை இரண்டடி தள்ளி, மர பீரோவின் பின்பக்கப் பலகையில் இருந்தது. அங்கே அது மங்கலாக, சாயம் போன மஞ்சள் நிறத்தில் இருந்ததால் கண்ணில் படவே இல்லை.

அன்றைக்குத் தெரியாமல் போன ஒரு விஷயம் இதுதான்: மூத்திரத்தில் ஒளிரும் பொருள் வேறு, நாறும் பொருள் வேறு. டார்ச் முன்னதைக் காட்டும், மூக்கு பின்னதைக் காட்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

ஏன் ஒளிர்கிறது

மூத்திரத்தில் பாஸ்பரஸ் இருப்பதால் ஒளிர்கிறது என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, மூத்திரத்தைக் காய்ச்சி இறுக்கி, இருட்டில் தானாக ஒளிரும் பொருள் ஒன்றை எடுத்தார். அதுதான் வெண்பாஸ்பரஸ். அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளிர்வது, அதற்கு டார்ச்சே வேண்டாம். மூத்திரத்தில் சாதாரணமாக இருப்பது பாஸ்பேட் உப்பு. யுவி ஒளியில் மூத்திரம் மின்னுவதற்கும் அந்த உப்புக்கும் சம்பந்தம் இல்லை.

மின்னுபவை வேறு. இறைச்சி, மீன் புரதத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடல் அதை உடைக்கும்போது கைனுரெனின், சாந்துரெனிக் அமிலம், இண்டாக்சில் சல்பேட் போன்றவை உண்டாகி மூத்திரத்தில் இறங்குகின்றன. கூடவே ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமினும் இறங்கும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் நமக்கே பளீரென்று மஞ்சளாகப் போகிறதே, அந்த மஞ்சள் இதுதான். இந்த மூலக்கூறுகளுக்கு வளைய அமைப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத யுவி ஒளியை அவை விழுங்கி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகின்றன. வெளிவரும் ஒளி, உள்ளே போன ஒளியைவிட எப்போதும் ஆற்றல் குறைந்தது. அதனால்தான் ஊதாவை அடித்தால் மஞ்சளாகவும் பச்சையாகவும் திரும்பி வருகிறது. 1852-ல் இதை விளக்கி, இதற்கு ஆங்கிலத்தில் ஃப்ளூரசன்ஸ் என்று பெயரும் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி.

பூனை மூத்திரம் எடுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதன் செறிவு. பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வழி வந்த உடம்பு அது. தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெட்டியாகத்தான் வெளியேற்றும்.

வாடை அடிக்கிறது, டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை

முதலில் டார்ச்சைச் சோதியுங்கள். மலிவாகக் கிடைக்கும் டார்ச்சுகளில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர் அலைநீள எல்இடி போட்டவை. அதில் யுவியோடு கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் நிறைய வரும். அந்த ஊதா வெளிச்சம், மூத்திரத்தின் மங்கலான ஒளிர்வை அப்படியே மூடிவிடும். வேண்டியது 365 நானோமீட்டர், முகப்பில் கருப்புக் கண்ணாடி வடிகட்டி வைத்தது. எது உங்களிடம் இருக்கிறது என்று பார்க்க ஓர் எவர்சில்வர் தட்டு போதும். இருட்டில் தட்டின் மேல் அடியுங்கள். பளீர் ஊதா வட்டம் விழுந்தால் 395. ஏறக்குறைய ஒன்றும் தெரியாமல், லேசாக ஏதோ விழுகிற மாதிரி இருந்தால் வடிகட்டி வைத்த 365. அது வேலை செய்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்து அதன் மேல் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகச் சுடர்விடும். நீங்கள் தேடப்போகும் நிறத்துக்கு அது நல்ல மாதிரியும்கூட.

புது டார்ச் வாங்க இப்போது வசதி இல்லையென்றால் மஞ்சள் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு தேடுங்கள், இரவில் பைக் ஓட்டுகிறவர்கள் போடுவது போன்றது. அது ஊதாவைத் தடுத்து, மஞ்சளையும் பச்சையையும் மட்டும் விடும். 395 டார்ச்சுக்கே இதனால் உயிர் வந்துவிடும்.

டார்ச் சரியாக இருந்தால் அடுத்தது இருட்டு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் மட்டும் போதாது. தெருவிளக்கு, டிவியின் சிவப்புப் பொட்டு, மோடத்தின் பச்சைப் பொட்டு எல்லாம் கெடுக்கும். இரவு பத்து மணிக்கு மேல், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐந்தாறு நிமிடம் இருட்டில் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்குங்கள். கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு தூரம். நின்றபடி அடித்தால் தரையில் விழும் ஒளி போதாது. முட்டி போட்டு, ஓர் அடி தூரத்தில், சாய்வாகப் பிடித்து, சுவரும் தரையும் சேரும் கோட்டோடு மெல்ல நகருங்கள். காய்ந்த கறை நடுவில் மங்கலாகவும் விளிம்பில் அழுத்தமாகவும் இருக்கும். சொட்டு காயும்போது அதிலுள்ள பொருளெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்குவதால் வரும் வளையம் இது, காபி டம்ளர் வைத்த இடத்தில் விழுமே, அதே மாதிரி. அந்த வளையத்தைத்தான் கண் பிடிக்கும். ஈரமான கறை தெரியாமல் போவதும் இதனால்தான். பொருள் தண்ணீரில் பரவிக் கிடக்கிறது, அது காய்ந்து திரளும்வரை பொறுக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் தெரியவில்லையென்றால், கறை நீங்கள் பார்க்கும் பரப்பில் இல்லை. மெத்தையின் அடிப்பக்கம், சோபாவின் கீழ்த்துணி, மிதியடியின் ரப்பர் முதுகு, பீரோவின் பின்பலகை ஆகியவற்றைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லும் சிவப்பு சிமென்ட் தரையும் மூத்திரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், அவற்றின் அடர்ந்த நிறம் ஒளிர்வையும் விழுங்கும். அந்தத் தரைகளில் டார்ச்சை வைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, அந்த இடத்தை முகர்ந்து பாருங்கள். சூடும் ஈரமும் பட்டால் வாடை மேலே வந்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலோ கிருமி கொல்லும் பெட்டியிலோ இருக்கும் யுவி குழல்விளக்கைக் கழற்றி இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது 254 நானோமீட்டர். கண்ணையும் தோலையும் சில நிமிடங்களில் சுட்டுவிடும். டார்ச்சையும் பூனையின் முகத்தில் அடிக்க வேண்டாம். நம் கண்ணின் லென்ஸ் யுவியைப் பெருமளவு தடுக்கிறது, பூனை, நாய் லென்ஸ்கள் அதை நம்மைவிட அதிகமாக உள்ளே விடுகின்றன.

நீல வெள்ளையாகப் பளபளக்கிறது

இது பெரும்பாலும் சோப்பு. வாஷிங் பவுடரில் துணியை வெளுப்பாகக் காட்டுவதற்கென்றே ஒளிரும் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். வெயிலில் உள்ள யுவியை வாங்கி நீலமாக விடுவதுதான் அதன் வேலை. பழைய சொட்டு நீலம் வெறும் சாயம்தான், அது வேறு. இந்தப் பவுடர் கரைத்த தண்ணீரில் தரை துடைத்தால் தரை முழுக்க அந்தப் பொருள் தங்கும். வேட்டி, வெள்ளைச் சட்டை, ஏ4 தாள், டிஷ்யூ எல்லாம் இதே நிறத்தில் எரியும்.

நீலம், கூடவே வில் மாதிரி வளைந்த கோடுகள் என்றால் மாப் தடம். விட்டுவிடலாம். இந்த இடத்தில்தான் நான் மூன்று நாளைத் தொலைத்தேன்: பவுடர் போட்டுக் கழுவக் கழுவ இன்னும் அதிகமாக ஒளிர்ந்தது. வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடைத்த பிறகே அடங்கியது.

ரூபாய் நோட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 100 ரூபாய் நோட்டையும் ஒரு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் வைத்து டார்ச் அடியுங்கள். நோட்டின் காகிதம் மங்கிக் கிடக்கும். எண் வரிசையும் சின்னச் சின்ன இழைகளும் மட்டும் மின்னும். சாதாரணத் தாளோ முழுக்க நீலமாக எரியும். கள்ளநோட்டு பார்க்கும் லைட் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கிறது.

மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒளிர்கிறது, மூத்திரம்தானா?

நம் வீட்டில் முதல் சந்தேகம் மஞ்சள்தூள் மேல்தான் வர வேண்டும். எண்ணெயில் கரைந்த மஞ்சள், யுவியில் நல்ல மஞ்சள் பச்சையாக ஒளிரும். சமையலறைத் தரை, சாப்பாட்டு மேசையின் கால், நிலைப்படி எல்லாம் இதற்கு உரிய இடங்கள். பிரித்தறிவது எளிது: கொஞ்சம் சுண்ணாம்பையோ சோப்பையோ தண்ணீரில் கரைத்துத் தொட்டு வையுங்கள். சிவந்தால் அது மஞ்சள்தூள். பால் சிந்திய இடமும் பி2 இருப்பதால் வெளிறிய மஞ்சளாகத் தெரியும். பழைய மரச்சாமான்களின் அரக்கு பாலிஷ் ஆரஞ்சாக ஒளிரும், அதைக் கறை என்று சுரண்டிவிடாதீர்கள். தோட்டத்துப் பக்கம் தேடும்போது நீலப்பச்சையாக ஏதாவது அசைந்தால் கையை எடுத்துக்கொள்ளுங்கள், அது தேள். தேளின் ஓடு முழுக்க யுவியில் ஒளிரும்.

நிறத்தைவிட வடிவம் நம்பகமானது. தரையில் குளமாக நிறைந்து, சாய்வுப் பக்கம் ஒரு வால் ஓடியிருந்தால் உட்கார்ந்து போன மூத்திரம். சுவரில், திரைச்சீலையில், தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் தெறிப்பு தொடங்கி, அங்கிருந்து கோடு கோடாக வழிந்திருந்தால் பூனை பின்பக்கத்தைத் திருப்பி வாலை நடுக்கியபடி பீச்சியடித்தது. காயடிக்காத ஆண் பூனையிடம் இது அதிகம். கதவு மூலை, தூண் மூலை, மோட்டார் சைக்கிள் சக்கரம் என்றால் நாய் காலைத் தூக்கியிருக்கிறது.

சுவரோரமாகச் சின்னச் சின்னச் சொட்டுகள் ஒரே பாதையில் வரிசையாகப் போனால், அது உங்கள் செல்லப்பிராணி வேலை இல்லை. எலி ஓடிக்கொண்டே சொட்டிவிட்டுப் போகும். தானிய மூட்டைகளில் எலி மூத்திரம் பட்டிருக்கிறதா என்று சோதிக்க யுவி விளக்கைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் எலி மூத்திரம் வழியாகத்தான் பரவுகிறது. வெறுங்கையால் துடைக்காதீர்கள், கையுறை போடுங்கள், காலிலோ கையிலோ புண் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கறை என்று தீர்மானமானதும் விளக்கைப் போடுவதற்கு முன்பே பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். வெளிச்சம் வந்ததும் இடம் மறந்துபோகும்.

சுத்தம் செய்தாயிற்று, இன்னும் ஒளிர்கிறது

வாடை இல்லாமல் ஒளிர்வு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். நீங்கள் போட்டது என்சைம் கிளீனர் (கறையை உடைக்கும் என்சைம் கலந்த திரவம்) என்றால், அது வாடை தரும் பொருட்களைத் தின்று தீர்த்திருக்கும், ஒளிரும் பொருள் கொஞ்சம் இடுக்கில் தங்கியிருக்கும். சில கிளீனர்கள் தாமே ஒளிரும். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைத் தனியாகத் தட்டில் விட்டு, காயவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அந்த இடத்தை வெறும் தண்ணீரில் அலசி, காயவிட்டு, மறுநாள் முகர்ந்து பாருங்கள். நானாக இருந்தால் மூக்குக்குத்தான் கடைசி வார்த்தை தருவேன்.

ஒளிர்வு போய்விட்டது, ஆனால் மழை வந்தால் வாடை வருகிறது

இது அதற்கு நேர்மாறு, கொஞ்சம் கஷ்டமானதும்கூட. கறையில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் காய்ந்த உப்புகள் ஈரத்தை இழுத்து மறுபடி வாடையை விடுகின்றன. பூனைக்கென்று தனியாக ஃபெலினைன் என்ற கந்தகச் சேர்மமும் உண்டு. புதிதாக இருக்கும்போது அதற்கு வாடை இல்லை. நேரம் போகப் போக உடைந்துதான் அந்தக் குத்தும் நாற்றம் கிளம்பும். போன அன்று ஒன்றும் தெரியாமல் மறுநாள் வீச்சம் அடிப்பது இதனால்.

மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிற்றோ அவ்வளவு ஆழம் கிளீனரும் போக வேண்டும். மேலே தெளித்துத் துடைத்தால் பலன் இல்லை. டைல்ஸ் இடுக்கில் ஊற்றி, நிறைய நனைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, கால் மணி நேரமாவது ஈரமாகவே வைத்திருங்கள். மெத்தையென்றால் இன்னும் அதிக நேரம், பிறகு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். அதற்கு முன் சோப்போ பிளீச்சோ போட்டிருந்தால் நன்றாக அலசிவிடுங்கள், அவை என்சைமைக் கெடுத்துவிடும். கொதிக்கும் நீரும் அப்படித்தான். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைப்பது அம்மோனியாவுக்கு நல்லது. ஆனால் மொசைக், மார்பிள் தரையில் வேண்டாம், அமிலம் கல்லை அரித்துப் பளபளப்பைப் போக்கும்.

இரண்டைச் செய்யவே கூடாது. பிளீச்சை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். பினாயில் அதைவிட மோசம், பூனை இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஃபீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் வேலையை மனிதக் கல்லீரல் செய்வது போல் பூனையின் கல்லீரலால் செய்ய முடியாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கும். அவ்வளவு போதும், உடம்பில் விஷம் ஏற.

இரண்டு மூன்று பூனைகள் இருக்கின்றன, யார் போனது?

கால்நடை மருத்துவர்கள் கண்ணில் புண் பார்க்கப் பயன்படுத்தும் ஃப்ளூரசீன் என்ற சாயம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஒரு பூனைக்கு அதைக் கொடுத்தால், அடுத்த ஒரு நாள் வரை அதன் மூத்திரம் மட்டும் மின்னும் பச்சையாக இருக்கும். ஒன்றுக்குக் கொடுத்து, சாயம் முழுக்க நீங்கிய பிறகு அடுத்ததற்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அளவும் முறையும் மருத்துவர் கையில்தான். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பூனையின் உடம்பே ஒளிர்கிறது

கண்ணோரமோ மூக்கோரமோ பச்சையாக இருந்து, அன்று மருத்துவரிடம் கண் சோதனை நடந்திருந்தால் மேலே சொன்ன சாயம்தான் அது. முடியின் அடித்தண்டு ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்து, அந்த இடத்தில் முடி வட்டமாகக் கொட்டியிருந்தால் படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-ல் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடியை வைத்து 1925 முதலே இதைச் சோதிக்கிறார்கள். எல்லாப் பூஞ்சை வகையும் ஒளிராது. அதனால் ஒளிரவில்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிட வேண்டாம். இது குழந்தைகளுக்கும் ஒட்டும்.

அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறது

கறை பழைய வளையத்தின் மேல் புது வளையமாக விழுந்துகொண்டே இருந்தால், முதலில் மணல் தட்டைப் பாருங்கள். தினமும் அள்ளுகிறீர்களா, பூனைக்கு ஒன்று, மேலே கூடுதலாக ஒன்று என்ற கணக்கில் இருக்கிறதா, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்களா. அதெல்லாம் சரியாக இருந்தால் பூனையைத் திட்டாதீர்கள். அதற்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, கல், சர்க்கரை நோய் எல்லாமே இப்படி ஆரம்பிக்கலாம்.

டார்ச்சில் பெரிய குளம் இல்லாமல், வீடு முழுக்க ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று இறைந்து கிடந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதுவும் ஆண் பூனை, அடிக்கடி தட்டில் ஏறி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். சுத்தம் செய்வதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, இரவாக இருந்தாலும் அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.